வலத்துமாடு எந்தப் பக்கம்?

மதுரையில் விடிகாலை ரயில் ஏறும்போது என் தோளில் ஒரு பை, கையில் நாலடி நீள அட்டைப்பெட்டி. மேல்தட்டில் பெட்டியைப் பதனமாகக் கிடத்திவிட்டு உட்கார்ந்தேன். எதிர் இருக்கையில் பூக்கூடையோடு வந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியில என்னய்யா?"

"பிளேன்மா. கையில ரிமோட்ட வச்சுப் பறக்க விடுறது."

"பிள்ளைக்கா?"

"இல்லம்மா, விக்கிறதுக்கு. கோவில்பட்டியில ஒரு தம்பி கேட்டிருக்காப்ல."

ரேடியோ கண்ட்ரோல் விமானங்களைக் கட்டுவதும் பறக்கவிடுவதும் பல ஆண்டுகளாக எனக்குப் பிடித்த வேலை. கட்டியதை விற்பது பிறகு வந்து சேர்ந்தது. விற்பனையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வாங்கும் முதல் விமானத்தை நான் பார்சலில் அனுப்புவதில்லை. அவர் ஊருக்கே கொண்டுபோய், அவர் கையாலேயே ஒருமுறை பத்திரமாகத் தரையிறக்க வைத்துவிட்டுத்தான் பணம் வாங்குவேன். ஏற்றுவது எளிது. மோட்டாரை முழுக்க முடுக்கி வீசினால் எந்த விமானமும் ஏறிவிடும். இறக்கத் தெரியாதவர் கையில் அது ஒரே நாள் பொம்மை. உடைந்ததைப் பரண்மேல் போட்டவர் மறுபடி வானத்தைப் பார்ப்பதில்லை.

சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே மணல்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஜன்னலோரம் மண்ணின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. பங்குனி மாதம். உளுந்து, பாசிப்பயறு, சோளம், மக்காச்சோளம் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கங்கே பருத்தி மட்டும் நின்றது. மற்றபடி கண்ணுக்கெட்டிய மட்டும் வெறும் கறுப்பு, அதன் மேல் மறைப்பே இல்லாத வானம். விமானம் விடுகிறவன் கண்ணுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது.

*

கோவில்பட்டி என்றதும் பலருக்குக் கடலைமிட்டாய் நினைவுக்கு வரும். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தீப்பெட்டியும் ஹாக்கியும் இந்த ஊரின் மற்ற இரண்டு அடையாளங்கள். என்னை வரச் சொன்ன தம்பிக்கு இருபத்துநாலு வயது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர். தாத்தா சம்சாரி. கரிசலில் விவசாயியை அப்படித்தான் சொல்வார்கள். தம்பிக்கு இரண்டு ஆசை: தானும் விமானம் விட வேண்டும், பிறகு கடையின் ஒரு மூலையில் அதன் உதிரி பாகங்களை வைத்து விற்கவும் வேண்டும்.

மேசையில் பாகங்களைப் பரப்பினோம். பிரஷ்லெஸ் மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் ஈஎஸ்சி, இறக்கையையும் வாலையும் அசைக்க 9 கிராம் எடையில் நாலு சர்வோ, 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர், கட்டைவிரல் அளவில் ரிசீவர். ஈஎஸ்சியின் வயரில் பேட்டரிக்கான மஞ்சள் கனெக்டரைப் பற்றவைக்கும் வேலையை மட்டும் வேண்டுமென்றே மீதி வைத்திருந்தேன்.

தம்பி சால்டரிங் இரும்பை எடுத்தார். முதலில் வயர் நுனிக்குத் தனியாக ஈயம் பூசினார். கனெக்டரின் பித்தளைக் குழியைச் சுட வைத்து அதிலும் ஈயத்தை உருக்கினார். குழி நிரம்பிப் பாதரசம்போலப் பளபளத்த நேரத்தில் வயரை உள்ளே இறக்கி, மூச்சுவிடாமல் ஐந்து விநாடி பிடித்தார். ஆறியதும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "மங்கலா நின்னுச்சுன்னா அது ஒட்டல அண்ணாச்சி, சும்மா உக்காந்திருக்குன்னு அர்த்தம்" என்றார். அந்த ஈயம் மின்னியது. நடுவானில் பேட்டரி இணைப்பு விட்டுப்போய் விழுந்த விமானங்கள் ஏராளம். இந்தக் கைக்கு அந்தக் கவலை இல்லை.

பேட்டரியைப் பற்றி மட்டும் அதிக நேரம் பேசினேன். மூன்று செல் லித்தியம் பாலிமர், 11.1 வோல்ட். முழுக்க ஏறினால் 12.6. அதற்கு மேல் ஏற்றினாலும், குத்துப்பட்டாலும், உப்பிய பிறகும் பயன்படுத்தினாலும் தீப்பிடிக்கும். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். "நாளைக்கு நீங்க விக்கும்போது, விலையச் சொல்றதுக்கு முன்னாடி இதச் சொல்லணும் தம்பி" என்றேன். தீப்பெட்டி ஊரில் பிறந்தவருக்குத் தீயைப் பற்றி நீளமாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

*

பைக்கில் தெற்கே போனோம். பின்னிருக்கையில் பெட்டியைக் குறுக்கே பிடித்தபடி நான். நாலாட்டின்புத்தூர் தாண்டியதும் இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். ஒரே சிற்றூரில் இரண்டு சாகித்திய அகாதமி விருதுக்காரர்கள். கி.ரா. கரிசல் வட்டார வழக்குக்கென்றே ஒரு சொல்லகராதி தொகுத்தவர். மண்ணுக்கும் மழைக்கும் காற்றுக்கும் இந்தச் சீமையில் அவ்வளவு சொற்கள் இருக்கின்றன. காற்றை நம்பிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் அந்தச் சொற்களைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் பாய்ந்து வரும் மேல்காற்றை நம்பி நட்டவை. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் நிலையமும் கயத்தாற்றில்தான் இருக்கிறது. அந்த ராட்சத இலையை நடுவில் அறுத்துப் பார்த்தால் ஒருபுறம் உப்பி மறுபுறம் மெலிந்து மீன்போல இருக்கும். என் பெட்டியிலிருந்த இறக்கையின் வெட்டுமுகமும் அந்தக் குடும்பத்து வடிவம்தான். பங்குனிக் காலையில் இலைகள் அசையாமல் நின்றன. அதற்காகத்தான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆடியில் இங்கே 700 கிராம் விமானத்தை வீசினால் அது திரும்பி வராது.

தார்ச்சாலையை விட்டுக் கிழக்கே வண்டிப்பாதையில் போனால் தாத்தாவின் மானாவாரிப் புஞ்சை. காற்றாலையும் மின்கம்பியும் வெகு தூரத்தில் இருந்தன. பக்கத்தில் வீடுகள் இல்லை. ஓடைக்கரையில் சீமைக்கருவேலம் மட்டும் உண்டு. அதன் முள் ஃபோம் இறக்கையைச் சல்லடையாக்கும் என்பதால் அந்தப் பக்கம் போவதில்லை என்று பேசிக்கொண்டோம்.

குனிந்து மண்ணைப் பார்த்தேன். வெடிப்புகளில் என் கை மணிக்கட்டு வரை இறங்கியது. கரிசலின் களிமண் மழையில் ஊறி உப்பும், வெயிலில் நீரை இழந்து சுருங்கும். சுருங்கச் சுருங்கப் பாளம் பாளமாகப் பிளக்கும். இந்த வெடிப்பில் சிறு சக்கரம் மாட்டினால் விமானம் குப்புறப் பாயும். அதனால் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வயிற்றின் அடியில் பேக்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினேன். கையால் வீசி ஏற்றி, வயிற்றால் சறுக்கி இறக்குவது என்று முடிவு.

தாத்தா தலைப்பாகையோடு வந்து நின்றார். களத்து ஓரம் கிடந்த உளுந்தம்பொட்டில் ஒரு பிடி அள்ளித் தலைக்கு மேல் தூக்கி விட்டார். பொட்டு நேராக இறங்கி, இடுப்புயரத்துக்கு வந்ததும் லேசாக மேற்கே நகர்ந்தது. "இப்போதைக்கு அசைவில்ல. பொழுது உச்சி சாஞ்சா கொண்டல் வரும்" என்றார். கொண்டல் என்பது கிழக்கே கடல் பக்கத்திலிருந்து வரும் காற்று. புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்றுப் பார்ப்பது எங்கள் வழக்கம். வாழ்நாளெல்லாம் பொலி தூற்றிய அந்தக் கைக்கு அது இன்னும் துல்லியமாகத் தெரிந்தது.

*

முதலில் நான் பறக்கவிட்டேன். ஒவ்வொரு அசைவுக்கும் வாலும் இறக்கையும் சரியான பக்கம் திரும்புகின்றனவா என்று பார்த்தபின் தம்பியை வீசச் சொன்னேன். மூக்கு லேசாக மேல்நோக்க, ஈட்டிபோல நேராக எறிந்தார். விமானம் ஒரு சாண் தாழ்ந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு ஏறியது.

ஒன்பதரை மணிக்கு வெயில் சூடேறியதும் மோட்டாரை நிறுத்தினேன். இறங்க வேண்டிய விமானம் இறங்கவில்லை. கறுப்பு மண் வெயிலை நன்றாகக் குடிக்கும். அதன் மேலிருக்கும் காற்று சூடாகிக் குமிழ் குமிழாக மேலே போகும். அந்தக் குமிழில் விமானம் உட்கார்ந்துகொண்டது. சிறகை அசைக்காமல் ஒரு பருந்தும் அங்கே வந்து வட்டமிட்டது. மோட்டார் ஓடவில்லை, பருந்தும் சிறகடிக்கவில்லை. இரண்டும் ஒரே காற்றில் சுற்றின. தாத்தா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை.

பிறகு டிரான்ஸ்மிட்டரைத் தம்பியிடம் கொடுத்தேன். எங்களை விட்டு விலகிப் போகும்வரை அழகாக ஓட்டினார். திரும்பி எங்களை நோக்கி வரும்போது வலது இறக்கை தாழ்ந்தது. அதை நிமிர்த்த நினைத்துத் தப்பான பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினார். இறக்கை இன்னும் தாழ்ந்தது. பதறி இன்னும் தள்ளினார். மூக்கு குப்புற விழ, விமானம் பாளத்தில் மோதிக் கிடந்தது.

ஓடப்போனவரைப் பிடித்து நிறுத்தினேன். முதலில் மோட்டார் ஸ்டிக்கைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பேட்டரியைப் பிடுங்க வேண்டும். அதன்பிறகுதான் சேதத்தைப் பார்க்க வேண்டும். சுற்றும் புரொப்பெல்லருக்கு விரல் என்று தெரியாது. பார்த்தபோது புரொப்பெல்லர் ஒடிந்திருந்தது. இறக்கையில் குறுக்கே ஒரு மடிப்பு. மோட்டார் தப்பித்தது. தம்பியின் முகம் செத்துப்போயிருந்தது.

இந்தத் தவறு எல்லாருக்கும் வரும். விமானம் போகும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்று. அது நம்மை நோக்கி வரும்போது அதன் வலம் நம் இடக்கைப் பக்கம். பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் ஐம்பது வயது எஞ்சினியருக்கும் இந்த இடத்தில்தான் கை தடுமாறுகிறது. எப்போதும் சொல்லும் சூத்திரத்தைச் சொன்னேன்: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு, தாழ்கிறதுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. தம்பி தலையாட்டினார். பிடிபட்ட மாதிரி தெரியவில்லை.

கேட்டுக்கொண்டே நின்ற தாத்தா முன்னால் வந்தார்.

"ஏருக்கு எதிர நின்னு பாரு. வலத்துமாடு ஒன் இடக்கைப் பக்கந்தான் நிக்கும். அதுக்காக மாட்டுப் பேர மாத்துவியாடே? மாடு எங்க நின்னாலும் வலத்துமாடு வலத்துமாடுதான். நீ கலப்பைக்குப் பின்னால நிக்கிறதா நெனச்சு ஓட்டு."

இத்தனை வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த விளக்கம் அந்தப் புஞ்சையில் கிடைத்தது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வது வேறு. விமானத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்து ஓட்டுவது வேறு.

*

மடிந்த இடத்துக்கு மூங்கில் சிம்பு ஒன்றைச் செதுக்கி, இறக்கையில் பள்ளம் கீறி, ஃபெவிகால் வைத்துப் பதித்தோம். சட்டென்று ஒட்டும் சாதாரண பசையை வைத்தால் இந்த வகை ஃபோம் கரைந்துவிடும். ஃபெவிகால் காய நேரமாகும். அதுவரை கழுகுமலை போய் வரலாம் என்றார் தம்பி.

ராமாயணத்து சம்பாதி என்ற கழுகரசனோடு இந்த மலையைச் சேர்த்துச் சொல்வது இங்கத்து வழக்கு. தம்பி சடாயு சூரியனை நெருங்கிப் பறந்தபோது, அவனைக் காக்கத் தன் சிறகை விரித்து, அது கருகி விழுந்தவன் சம்பாதி. மேலே வெட்டுவான் கோவில். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலச் சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, விமானத்தை முடித்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்ட ஒற்றைக்கல் கோவில். கோவிலின் உச்சிக்கும் நம் தமிழில் விமானம் என்றுதான் பெயர். அந்த உளிக்கு ஒட்டுப்போடும் வசதி கிடையாது. ஒரு மூக்கு சிதறினால் சிதறியதுதான். எங்களுக்கு மூங்கில் சிம்பும் ஃபெவிகாலும் இருக்கின்றன. தவறு செய்து கற்றுக்கொள்ள இடம் தருவதால்தான் இந்தப் பொழுதுபோக்கு இளைஞர்களுக்கு நல்லது என்று நம்புகிறேன்.

நிழலில் உட்கார்ந்து கடை விஷயம் பேசினோம். ரெஜினால்ட் டென்னியின் கதையைச் சொன்னேன். ஹாலிவுட்டில் நடித்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர். 1930-களின் நடுவில் அங்கேயே மாடல் விமானக் கடை திறந்தார். அந்தக் கடையிலிருந்து வளர்ந்த ரேடியோபிளேன் நிறுவனம், பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழக ஆளில்லா விமானங்களை அமெரிக்க ராணுவத்துக்கு விற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏறத்தாழ 15,000 விமானங்கள். அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண்தான் பின்னாளில் மர்லின் மன்றோ. இன்றைய ட்ரோன்களின் மூதாதைகளில் ஒன்று ஒரு பொழுதுபோக்குக் கடையில் பிறந்தது.

நம் ஊரிலும் அந்தத் தொடர்ச்சி உண்டு. நடிகர் அஜித்குமார் வெகுகாலமாக ரேடியோ கண்ட்ரோல் விமானம் விடுகிறவர். அவர் ஆலோசகராக இருந்த, குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழு 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த அதே எம்.ஐ.டி. என்.சி.சி.யின் விமானப் பிரிவு மாணவர்களுக்கும் மாடல் விமானம் ஒரு பாடம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டிலோவன்பட்டியில் வெகுகாலம் சும்மா கிடந்த பழைய ஓடுதளத்தில் விமானிப் பயிற்சி நிலையம் கொண்டுவர மாநில அரசின் டிட்கோ நிறுவனம் முயன்றுவந்தது. அது வந்தால் நிஜ விமானத்தைப் பார்த்துவிட்டு உங்கள் கடைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்றேன். தம்பியின் கண் விரிந்தது.

"அப்ப அந்த ஓடுதளத்துல நம்ம விடலாமா அண்ணாச்சி?"

"அனுமதி இல்லாம அந்தப் பக்கமே போகக் கூடாது. வாங்க வர்ற பிள்ளைங்க கிட்டயும் இதச் சொல்லிடுங்க."

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னேன். 25 கிலோவுக்குள், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறப்பவை மாடல் விமானங்கள். வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் 120 மீட்டர் உயரம் வரைதான். எந்த இடம் எந்த நிறம் என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னேன். கடைக்கு வரும் பையன் ரஃபேல் மாதிரி வேணும் என்பான். கொடுத்தால் அன்றைக்கு லாபம் கிடைக்கும், ஆனால் அடுத்த நாளே அவன் அதை உடைத்துவிட்டு இந்தப் பக்கமே வரமாட்டான். இறக்கை மேலே இருக்கிற, மெதுவாகப் பறக்கிற பயிற்சி விமானத்தைக் கொடுத்து, கூடவே நாலு புரொப்பெல்லரும் கொடுத்தால் பத்து வருடம் வருவான்.

*

ஐந்தரை மணிக்குப் புஞ்சைக்குத் திரும்பினோம். தாத்தா சொன்ன கொண்டல் வந்து தணிந்து, முகத்தில் படும் அளவுக்கு மட்டும் வீசியது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும். அதாவது மேற்கிலிருந்து கிழக்கே. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றோம். வெயிலுக்குள் விமானம் போனால் கண் இருண்டு கை தவறும்.

காத்திருக்கும்போது மேனார்ட் ஹில்லைப் பற்றிச் சொன்னேன். எழுபத்தேழு வயதில், பார்வை ஏறக்குறைய போன நிலையில், பால்சா மரத்தில் கட்டிய 5 கிலோவுக்கும் குறைந்த விமானத்தை 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஏற்றிவிட்டவர் அவர். 38 மணி 52 நிமிடம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் தனியே பறந்து அது அயர்லாந்து போய்ச் சேர்ந்தது. அங்கே காத்திருந்த நண்பர் டிரான்ஸ்மிட்டரைக் கையிலெடுத்துப் பத்திரமாக இறக்கினார். அத்தனை தூரம் பறந்தும், கடைசியில் இறக்குவதற்கு ஒரு மனிதனின் கை தேவைப்பட்டது.

தம்பியிடம் டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்துவிட்டு என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தாத்தாதான் வீசினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. எங்களை நோக்கித் திரும்பியபோது இடது இறக்கை தாழ்ந்தது. தம்பியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் எனக்குப் புரிந்தது: இடத்துமாடு. விரல் சரியான பக்கம் போனது. இறக்கை நிமிர்ந்தது.

ஐந்தாவது சுற்றில் வேகத்தைக் குறைத்தார். கருவேல மரத்து உயரம், ஆள் உயரம், முழங்கால் உயரம். அங்கே மோட்டாரை முழுக்க நிறுத்தி, மூக்கை ஒரு நூலளவு தூக்கினார். விமானம் மிதந்து, வேகம் செத்து, கரிசலில் வயிற்றை வைத்தது. பத்தடி சறுக்கி ஒரு வெடிப்புக்குக் குறுக்கே நின்றது. தம்பி ஓடவில்லை. நடந்து போனார். பேட்டரியைப் பிடுங்கிய பிறகுதான் சிரித்தார்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன். பெட்டியை மடிக்கப் போனபோது தாத்தா தடுத்தார். "வந்த பெட்டி வெறும் பெட்டியாத் திரும்பக் கூடாது" என்று, வீட்டிலிருந்து ஒரு துணிப்பை நிறையப் பாசிப்பயறு கொண்டுவந்து உள்ளே வைத்தார். தம்பி அடுத்த மாதத்துக்கு இரண்டு விமானங்களுக்குச் சொல்லிவைத்தார். ஒன்று எட்டயபுரத்தில் ஒரு நண்பருக்காம்.

"அத நான் வந்து எறக்கிக் காட்ட மாட்டேன்" என்றேன்.

"தெரியும் அண்ணாச்சி. நான் போறேன்."

இரவு ரயிலில் பெட்டியை மேல்தட்டில் வைக்க முடியவில்லை, கனத்தது. காலுக்கடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சிறுவன் அதைத் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டான். பயறு என்றேன். இவ்வளவு பெரிய பெட்டியிலா என்றான். சாத்தூர் வரும்வரை அவனுக்கு வலத்துமாட்டின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.